லாந்தர் பேசிய படம்

பல வருடங்களாக அந்தப் படம் எனக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஒரு கீரிப்பிள்ளை. இணையத்தில் கீரி, லாந்தர், ஆறு, பழைய கார்ட்டூன் என்று எப்படி எப்படியோ தேடிப் பார்த்துவிட்டேன். பாம்போடு சண்டை போடுகிற கீரிகள்தான் வந்து நிற்கும். போன மாதம் எங்கள் கல்லூரியில் விலங்கியல் பெண்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். நான் வேதியியல். போய்த் தலையைக் காட்டாவிட்டால் அதையே வருடம் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள் என்பதற்காகப் போனேன். சுவரில் ‘காவிரியில் வாழும் நீர்நாய்’ என்று ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். தட்டை மூக்கு, வெள்ளை மீசை, பின்னங்காலில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. அடப்பாவி, நீயா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் பயந்துபோய், என்ன மேடம் என்று கேட்டாள்.

காரைக்குடியில் பிறந்தவர்களுக்கு நீர்நாயை எங்கே தெரியும்? கண்மாயில் தண்ணீர் கிடப்பதே பெரிய விஷயம். பழுப்பாக, நீளமாக, குட்டைக் காலோடு எது ஓடினாலும் எங்களுக்கு அது கீரிதான். எனக்குப் பத்து வயதும் தம்பி முருகப்பனுக்கு ஆறு வயதும் இருக்கையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அதற்குக் கீரி என்று பேர் வைத்துவிட்டோம். அந்தப் பேரைக் கட்டிக்கொண்டு நாற்பத்தாறு வயது வரைக்கும் தேடியிருக்கிறேன். நான் படித்தது பிஎச்டி.

அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து. அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, அப்போது பினாங்கில் கடை வைத்திருந்தார். ஊருக்கு வரும்போது ஹாங்காங் போய்வந்த யாரிடமோ சொல்லி வீடியோ கேசட் போட்டுப் பார்க்கிற ஒரு டெக் வாங்கி வந்தார். விமானத்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாக ஆத்தா கேலி செய்வாள். பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, கம்பியை மாட்டிப் போட்டால், படம் வந்தது, சத்தம் வரவில்லை. மெக்கானிக் வந்து பின்னால் திறந்து பார்த்துவிட்டு, ஹாங்காங் பெட்டிக்கும் நம்மூர் டிவிக்கும் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பச்சி அன்றோடு டெக்கைக் கைகழுவினார். அதுவும் அதோடு வந்த ஒரே ஒரு கேசட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் விளையாட்டுச் சாமான் ஆயின.

படத்தின் கதை சின்னதுதான். வெள்ளத்தில் வளையை இழந்த குட்டிக் கீரி ஒன்று, முங்கிப்போன படகிலிருந்து ஒரு லாந்தரை எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரையோரமாக நடந்து தன் கூட்டத்தைத் தேடிப் போகிறது. வழியில் பனி கொட்டுகிறது, ஆந்தை விரட்டுகிறது, பாலம் உடைகிறது. கடைசியில் அக்கரையில் கூட்டம் தெரிகிறபோது லாந்தர் கைநழுவி ஆற்றில் விழுந்துவிடுகிறது. விழுந்தும் அணையாமல் தண்ணீரில் மிதந்து போகிறது. கீரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு அக்கரைக்கு நீந்துகிறது.

ஊமைப் படத்தை எத்தனை தடவை சும்மா பார்ப்பது? நாங்களே பேச ஆரம்பித்தோம். மூத்தவள் என்ற அதிகாரத்தில் கீரியை நான் எடுத்துக்கொண்டேன். முருகுவுக்கு மிஞ்சியது லாந்தர். மூக்கால் பேசுவான். பசிக்குது எண்ணெய் ஊத்து என்பான். காத்து அடிக்குது கதவைச் சாத்து என்பான். ஆற்றங்கரையில் ஏதுடா கதவு என்று கீரி திட்டும். ஆந்தை வந்தால் லாந்தர்தான் முதலில் அழும். கடைசியில் தண்ணீரில் மிதந்து போகும்போது, “போயிட்டு வாரேன் கீரி” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்வான். “பாத்துப் போ, அணைஞ்சிராத” என்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் விட்டால் கேசட்டை மறுபடி சுற்ற விடமாட்டான்.

அந்த வருடமே முருகுவைக் கோட்டையூருக்குப் பிள்ளை கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களில் இது புதிதல்ல. ஒரு வீட்டில் ஆண் வாரிசு இல்லையென்றால் அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைத் தத்தெடுத்துக் கூட்டிக்கொள்வார்கள். கோட்டையூர்ப் பெரியப்பச்சி, அப்பச்சியின் பங்காளி, குழந்தை இல்லாதவர், தங்கமான மனிதர். எங்கள் வீட்டில் மூத்தவர் சம்பந்தம் அண்ணன் சென்னையில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே இளையவனைக் கேட்டார்கள், கொடுத்தார்கள். மஞ்சள் நீர் குடிக்கவைத்தார்கள். அந்த வீட்டு ஐயா, அதாவது தாத்தாவின் பேரை வைத்தார்கள். காலையில் முருகப்பனாக எழுந்தவன் மத்தியானம் லட்சுமணன் ஆனான். பெற்ற ஆத்தாவைச் சின்னாத்தா என்று கூப்பிடப் பழக்கினார்கள். நான் மட்டும் எந்த முறையில் பார்த்தாலும் மூத்தவள் என்பதால் ஆச்சியாகவே, அதாவது அக்காவாகவே, இருந்தேன். அதில் எனக்கு அப்போது ஒரு பெருமைகூட.

கார் கிளம்பும்போது அவன் ஜன்னலில் எட்டி வாயைத் திறந்தான். உறவில் மூத்த ஒருவர் சட்டென்று அவன் வாயைப் பொத்தினார். “போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாதப்பு. இனி அதுதான் ஒன் வீடு” என்றார். அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். முருகு அழுத அழுகையில் டெக்கையும் கேசட்டையும் காரின் பின்னால் ஏற்றி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவன் எத்தனையோ முறை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறான், கல்யாணம், பொங்கல், அப்பச்சி காரியம் என்று. கூட வந்தவர்கள் எல்லாரும் போயிட்டு வாரோம் என்று வாய்நிறையச் சொல்வார்கள். அவன் மட்டும் ‘சரி’ என்பான், வண்டிச் சாவியை எடுப்பான், போய்விடுவான். ஆறு வயதில் பொத்திய வாய், எங்களிடம் திறக்கவே இல்லை.

கோட்டையூர் ஒன்றும் சீமை இல்லை. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டை மடிப்பதற்குள் வந்துவிடும். அங்கே அவன் டைல்ஸ் வியாபாரம் செய்கிறான். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் தீக்ஷா, நல்ல குடும்பம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயில் வரிக் கணக்கில் கல்யாணமானவர்களைத்தான் ஒரு குடும்பமாக, ஒரு புள்ளியாக எண்ணுவார்கள். அந்த வகையில் நான் புள்ளியே இல்லை. எட்டு பங்காளிகளுக்குச் சொந்தமான இந்தப் பெரிய வீட்டில் ஆத்தாவும் நானும் ஒரு பக்கமாக இருந்தோம். மற்ற அறைகளெல்லாம் பூட்டுதான். பூட்டின சொந்தக்காரர்கள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

ஆனி மாதம் ஆத்தா இறந்துபோனாள். சம்பந்தம் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வந்து, தலையை மழித்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்தார். முருகு வெள்ளைச் சட்டையோடு பங்காளிகள் வரிசையில் ஒரு பங்காளியாக நின்றான். யாரோ அவனிடம், சின்னாத்தாவுக்கு என்ன வயசு இருக்கும் என்று கேட்டார்கள். எண்பது இருக்கும் என்று நிதானமாகப் பதில் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள்டா, என்று எல்லார் முன்னாலும் கத்த வேண்டும் போல இருந்தது. துட்டி வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது, அது எல்லா ஊரிலும் உள்ள முறை. அவனும் முறைப்படி, சொல்லாமல் போனான். மற்றவர்கள் அப்படிப் போனது எனக்கு உறைக்கவே இல்லை. அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கியதை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன்பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இனி இந்த வீட்டுக்கு வர அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? சின்னாத்தாவும் போய்விட்டாள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் சாமான்யத்தில் போகாது. ஆனால் உள்ளதைச் சொன்னால் அது கோபம்கூட இல்லை, பயம். அவன் வராமலே இருந்துவிடுவானோ என்ற பயம்.

இந்த நிலைமையில்தான் நீர்நாய் அகப்பட்டது. கண்காட்சிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கீரி என்பதை எடுத்துவிட்டு நீர்நாய் என்று போட்டுத் தேடினேன். உடனே வந்துவிட்டது. ஏதோ ஐரோப்பிய நாட்டுப் படம். பழைய பிரதியைச் சுத்தம் செய்து, அடியில் ஆங்கில எழுத்துகளோடு யாரோ ஏற்றியிருந்தார்கள். மடிக்கணினியை வளவில், தூண்கள் சூழ்ந்த எங்கள் நடு முற்றத்தில், ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படத்தை ஓட்டுவதற்கு முன் இரண்டு தடவை கையை எடுத்துவிட்டேன். கல்லூரியில் முதல் நாள் வகுப்பு எடுக்கும்போதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

முதல் முறையாக அந்தப் படத்துக்குச் சத்தம் இருந்தது. வயதான ஒரு பெண்குரல் கதையைச் சொல்லிக்கொண்டே போனது. காற்றுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். கீரி வந்தது. அழகாகத்தான் இருந்தது. படகு வந்தது, லாந்தர் வந்தது. நான் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

லாந்தருக்கு வாய் இல்லை.

நாங்கள்தான் பேசினோம் என்பதை நான் மறந்துவிடவில்லை. ஆனால் லாந்தருக்கு ஒரு முகம் உண்டு, கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் அசைகிற ஒரு வாயும் உண்டு, அந்த வாய் அசைவுக்குத்தான் முருகு பேசினான் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். நிறுத்தி, பெரிதாக்கி, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அது வெறும் லாந்தர். தகரம், கண்ணாடி, உள்ளே ஒரு மஞ்சள் சுடர். கீரி அதனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கீரி யாரிடமுமே பேசவில்லை. அதற்கு எப்போதாவது வாய் அசைகிறது, அவ்வளவுதான். பனியில் போகும்போது அந்த வயதான குரல், அதற்குப் பேச்சுத்துணைக்குக்கூட யாருமில்லை என்று சொல்வதாக அடியில் எழுத்து வந்தது. படம் முழுக்க அது தனியாகத்தான் நடந்திருக்கிறது. சிரிப்புப் படம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். கீரியின் பேச்சு எனக்கு ஒரு வரி விடாமல் ஞாபகம் இருந்தது. ஏதுடா கதவு என்று கேட்டேன். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. லாந்தர் மாதிரி மூக்கால் பேசிப் பார்த்தேன். வரவில்லை. பூட்டிய அறைகளுக்கு நடுவில் ஒரு கல்லூரிப் பேராசிரியை மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்திருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லையே. ஆத்தா செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, படத்தின் இணைப்பை முருகுவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். கூட ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதுவது? சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். டைல்ஸ் லோடு வந்து இறங்கிவிட்டது என்று லாரிக்காரன் சொன்னாலும் அவன் அதே கட்டைவிரலைத்தான் போடுவான். அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று முடிவு செய்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நானாகத்தான் ஒரு லாந்தரை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அந்த வாரம் முழுக்க வகுப்பில் பிள்ளைகளை ஒன்றுமில்லாததற்கெல்லாம் கடிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. முருகு தனியாக வந்திருந்தான். கையில் ஒரு பை கொய்யாப்பழம். திருப்பத்தூர் வரைக்கும் ஒரு வேலையாகப் போனதாகவும், வருகிற வழியில் எட்டிப் பார்த்ததாகவும் சொன்னான். திருப்பத்தூரிலிருந்து கோட்டையூர் போகிறவனுக்கு எங்கள் தெரு வழியே இல்லை. வா என்றேன், காபி போட்டுக் கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். தீக்ஷாவின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். மேற்குப் பக்கத்து ஓடு ஒழுகுகிறதா என்று கேட்டான். ஆத்தா படுத்திருந்த கட்டிலைப் பார்த்துவிட்டுப் பார்வையை நகர்த்திக்கொண்டான்.

ஸ்டூலில் மடிக்கணினி அப்படியே இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“படத்தப் பாத்தேன் ஆச்சி” என்றான். “கீரி பேசவே இல்லையே.”

எனக்கு முதலில் புரியவில்லை. லாந்தர்தானே பேசவில்லை என்றேன். அவன் தலையை ஆட்டினான். லாந்தருக்கு வாய் கிடையாது, அது அவனுக்கு அப்போதே தெரியும், அதனால்தான் தன்னிஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் பேசினானாம். கீரிதான் நிஜமாகப் பேசும் என்று நினைத்திருந்தான். பிறகு, பையில் இருந்த கொய்யாப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டே, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான்.

கோட்டையூர் போன மறுநாளே டெக்கை மாட்டச் சொல்லிப் படத்தைப் போட்டிருக்கிறான். அங்கேயும் சத்தம் வரவில்லை. கீரி வாயசைத்தது, பேசவில்லை. கேசட் கெட்டுப்போய்விட்டது, கீரி பேசமாட்டேன் என்கிறது என்று அழுதிருக்கிறான். சாப்பிடவும் இல்லையாம். பெரியப்பச்சி பாவம், பிள்ளை ஏங்கிப்போய்விடுவானே என்று டெக்கையும் டிவியையும் சேர்த்து மதுரைக்கு எடுத்துக்கொண்டு போய், பெரிய கடையாகப் பார்த்துக் கொடுத்து, காத்திருந்து சரிசெய்து கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இப்போது பேசும் பார் அப்பு என்று போட்டுக் காட்டினார்களாம்.

“யாரோ ஒரு கிழவி வேற பாஷைல பேசுனா ஆச்சி. அது நீங்க இல்ல. அதுக்கப்பறம் நான் அதப் போடவே இல்ல.”

இதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். கொய்யாப்பழங்களைத் திரும்பப் பையில் போட்டான். அப்போதே யாரிடமாவது சொல்லியிருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார்களே என்றேன். அவர்கள் எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், எப்படிச் சொல்வது என்றான். பெரியப்பச்சியின் முகத்தைப் பார்த்துக் கை தட்டினானாம். ஆறு வயதில் அவ்வளவு முறை தெரிந்த பிள்ளை, ஆத்தாவின் சாவில் எண்பது இருக்கும் என்று பதில் சொன்னதில் என்ன ஆச்சரியம். அவன்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வருடமும் அவன் அங்கே பெற்றோர், மனைவி, மகள் என்று நிறைந்திருப்பதாகவும் நான்தான் தனி என்றும் நினைத்திருந்தேன். பாதி சரிதான். மீதிப் பாதியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

படத்தைப் போடட்டுமா என்று கேட்டேன். அவன் சுற்றிலும் பூட்டிக் கிடந்த கதவுகளைப் பார்த்தான். வேண்டாம் என்றான். நாற்பத்திரண்டு வயது ஆள், மீசை நரைத்துவிட்டது. என் எதிரில் உட்கார்ந்து மூக்கால் பேச வெட்கமாக இருந்திருக்கும். நானும் வற்புறுத்தவில்லை. எனக்கு மட்டும் வெட்கமாக இருக்காதா? வெயில் தாழ்ந்து தூண்களின் நிழல் வளவில் நீண்டது. அவன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

“சரி” என்றான். சாவியை எடுத்தான்.

வழக்கம்போலத்தான். இதற்குமேல் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசல்வரை போகவில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவன் முன்கட்டைத் தாண்டிப் படியிறங்குகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்புகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே டம்ளரைத் தேய்த்தேன். தேய்த்து முடித்தும் சத்தம் கேட்கவில்லை. அப்போது வளவில் கிடந்த போன் டிங் என்றது.

முருகுதான். எழுத்து இல்லை, குரல்பதிவு. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டேன். கொஞ்ச நேரம் தெருச் சத்தம்தான் வந்தது, ஒரு ஆட்டோ, ஒரு காக்காய். பிறகு ஒரு கனைப்பு. பிறகு மூக்கால், கட்டைத் தொண்டையை வலிந்து மெலிதாக்கிக்கொண்டு, அந்தக் குரல்.

“போயிட்டு வாரேன் கீரி.”

வெளியே வண்டி கிளம்பியது. நான் ஓடவில்லை. ஓடியிருந்தால் அவன் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்து, வீடு பழையபடி ஆனது. மைக்கை அமுக்கிப் பேசினேன். முதலில் வந்தது வகுப்பெடுக்கிற குரல், அழித்தேன். அடுத்தது உடைந்துபோயிற்று, அதையும் அழித்தேன். கீரியின் குரல் எப்படியிருந்தது என்று எனக்குத்தான் மறந்துபோயிருந்தது. அதைக் கேட்டவன் அவன்தான். ஆகவே என் குரலிலேயே, பாத்துப் போ, அணைஞ்சிராத என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு சாம்பல் டிக் விழுந்தது. அவன் வண்டியில் போய்க்கொண்டிருப்பான், கோட்டையூர் போய்த்தான் கேட்பான். வளவில் விளக்கைப் போட்டுவிட்டு, அது நீலமாவதற்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.